ஒரு சொல்லுக்கு ஒரு ஆள்

நப்லா மிஸ் சொற்களைப் பாடமாக்க விடமாட்டார். பாடமாக்கின சொல் பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடும் என்பார். ஒவ்வொரு சொல்லையும் தெரிந்த ஒரு ஆளின் மேல் ஒட்டிவிட வேண்டும். அந்த ஆளைக் காணும்போதெல்லாம் சொல் தானாக வாயில் வர வேண்டும். அதுதான் அவருடைய முறை.

அப்படித்தான் ரூபிகாவின் தலைக்குள் அவள் வாழ்ந்த வெள்ளவத்தை மெல்ல மெல்ல ஸ்பானிய மொழிக்கு மாறியது. அவள் மறந்துவிட்டு வந்த குடையை மழைக்காலம் முடியும்வரை பத்திரமாக வைத்திருந்து கொடுத்த மருந்துக்கடைக்காரர், ஒன்ராதோ. நேர்மையானவர். பிளாட்டின் வாசலில் கதிரை போட்டுத் தூங்குகிற வாட்ச்சர், பெரெசோசோ. சோம்பேறி. விடிய எழும்பி ஓர்டருக்கு இடியப்பம் அவிக்கிற அம்மா, த்ரபஹாதோரா. உழைப்பாளி. கொபார்தே என்று ஒரு சொல் இருந்தது. கோழை. அதற்கு மட்டும் ரூபிகா வெளியே ஆள் தேடவில்லை. வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே தன் மேல் ஒட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. ஓ.எல். சோதனைக்கு முந்தின வருடம் பள்ளிக்கூடத்தை விட்டவள். எழும்பி நின்று பதில் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் முழு வகுப்பும் சிரித்தது. அடுத்த நாள் காய்ச்சல் என்றாள். பிறகு காய்ச்சல் விடவேயில்லை. கட்டாரில் இருக்கிற அப்பா போனில் கத்தினார், அம்மா கோயிலில் நேர்த்தி வைத்தா, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அம்மா, "ஏதாவது ஒண்டைப் படி, என்ன கோதாரியையாவது படி" என்றபோது ரூபிகா ஸ்பானிஷைச் சொன்னாள். அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாத மொழி அது. அதில் அவள் பிழைவிட்டாலும் கண்டுபிடிக்க ஆளில்லை.

வகுப்பு, காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, வியாழன் பின்னேரங்களில் நடந்தது. நப்லா மிஸ் பயணக் கம்பனி ஒன்றில் ஸ்பெயின் ஆட்களைக் கூட்டித் திரிந்தே அந்த மொழியைப் பழகியவர். வருகிறவர்களும் அந்தத் தொழிலைச் சுற்றியவர்கள்தான். சுற்றுலா வான் ஓடுகிற பீற்றர், கொட்டாஞ்சேனையிலிருந்து 155ஆம் நம்பர் பஸ்ஸில் வருகிற சாம்பவி, இன்னும் இரண்டொருவர். சாம்பவிக்கு ஒரு பயணக் கம்பனியில் மேசை வேலை. சிரித்தால் பக்கத்துக் கதிரையும் ஆடும். வகுப்பில் ரூபிகாவுக்குப் பக்கத்தில் தானாக வந்து இருக்கிறவள் அவள் ஒருத்திதான். எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று அவள் குடைந்து கேட்டதில்லை. ரூபிகா சொன்னதுமில்லை.

அந்த வியாழன் குணத்தைச் சொல்கிற சொற்களுக்கான கடைசி வகுப்பு.

"ஒவ்வொராளும் ஒரு ஆளப் பத்திச் செல்லணும்" என்றார் நப்லா மிஸ். "நல்லவன், கெட்டவன் எண்டு சும்மா செல்லிட்டுப் போக ஏலாது. நான் பொர்கே கேப்பன். பொர்கே எண்டா ஏன். அவர் என்ன செஞ்சார், நீங்க எதக் கண்டீங்க, அதச் செல்லாட்டி அந்தச் சொல்ல நான் எடுக்க மாட்டன்."

பீற்றர் முதலில் எழும்பினார். "எங்கட முதலாளி, மிஸ். தகாஞோ. கஞ்சன்."

"பொர்கே?"

"வெள்ளைக்காரர் இறங்கினவுடனே வானில ஏசியை நிப்பாட்டு எண்டுறான். அவங்கள் யானை பாத்திட்டு வரமட்டும் நான் உள்ளுக்குப் பிட்டு மாதிரி அவியிறன்."

வகுப்பு சிரித்தது. "அத ஸ்பானிஷ்ல செல்லுங்க" என்றார் மிஸ். பீற்றர் கையாலும் காலாலும் பாதியைச் சொல்லி முடித்தார்.

பிறகு சாம்பவி. அவள் போனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "இது என்ர ஆள். இன்னும் என்ர ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்ட வருகினம், அண்டைக்குத்தான் முடிவு. நான் இன்னும் நேர காணேல்லை."

"அப்ப காணாத ஆளப் பத்தியா?" என்றார் மிஸ்.

"வீடியோ கோலில கண்டனான் மிஸ்! சரியான டீசன்ட்."

போன் கைமாறிக் கைமாறி ரூபிகாவிடம் வந்தது. அவள் முதலில் கண்டது முகத்தையல்ல, முகத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தாங்கியை. கறுப்புத் தாங்கி. அதன் வயிற்றில் யாரோ வெள்ளை பெயின்ற்றால் இழுத்த கோணல் கோடு. அதற்கப்பால் கடல். அவள் உடுப்புக் காயப்போடுகிற மொட்டைமாடி. அதற்குப் பிறகுதான் நீலச் சேர்ட்டையும் சிரிப்பையும் பார்த்தாள்.

சுகிர்தன். மேல்வீட்டு சுகிர்தன்.

அவள் போனைச் சாம்பவியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சுகிர்தன் ஹெனெரோசோ. தாராளமானவர். அதை ரூபிகாவே அவர்மேல் ஒட்டியிருந்தாள். பொர்கேயும் இருந்தது. எரிவாயு கிடைக்காமல் நாடு வீதியில் நின்ற வருடம், ஆம்பிளை இல்லாத அவர்களுடைய வீட்டுக்காக அவர் வெயிலில் வரிசையில் நின்று, சிலிண்டரைத் தோளில் சுமந்து படியேறி வந்தார். தண்ணிகூடக் குடிக்கவில்லை. ஒழுங்கையில் யாரோடும் குரலுயர்த்திப் பேசாதவர். ஒருநாள் பிழையான பக்கத்தால் வந்த ஆட்டோக்காரன் அவரைத் தாயையும் தகப்பனையும் சேர்த்துத் திட்டியபோதுகூட, "சொறி அய்யே" என்று சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிப் போனதை ரூபிகா பல்கனியிலிருந்து பார்த்தாள்.

போன மாரியில் ஒரு பின்னேரம், குப்பைப் பையைக் கீழே கொண்டுபோகக் கதவைத் திறந்தவள் வேறொன்றையும் பார்த்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் தன் தாயின் தலைமயிரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். கௌரி அன்ரியின் முகம் மேலே வளைந்து கூரையைப் பார்த்தது. அவர் சத்தம் போடவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே மற்றக் கையால் அடித்தார். பிறகு ரூபிகாவைக் கண்டார். கையை எடுக்கவில்லை. சிலிண்டர் கொண்டுவந்த நாளில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"ஒண்டுமில்லை தங்கச்சி. அம்மாவுக்குத் தலைசுத்து. நீங்கள் உள்ளுக்குப் போங்கோ."

ரூபிகா உள்ளுக்குப் போனாள். கொண்டி சத்தம் போடாமல் பார்த்துக் கதவைச் சாத்தினாள். கொபார்தேக்கு அதுதான் அவளுடைய பொர்கே.

"எஸ் பசியெந்தே" என்று சாம்பவி தொடங்கினாள். பொறுமையானவர்.

"பொர்கே?"

சாம்பவி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "மிஸ், மாமா விசாரிச்சவர். கீழ்வீட்டு அன்ரி ஒராள் சொன்னவவாம், சரியான பொறுமையான பிள்ளை எண்டு."

"அவ எதக் கண்டு சொன்னாவாம்?"

"அதை... மாமா கேக்கேல்லை."

"அப்ப அது அந்த அன்ரிட சொல்லு. உங்கட சொல்லு இல்ல. வேற?"

கீழ்வீட்டு அன்ரி ரூபிகாவின் அம்மா.

மாமா எடுத்த அந்த போன் வந்தபோது ரூபிகா பக்கத்தில்தான் நின்றாள். கலியாணப் பேச்சு என்றால் அயல்வீட்டுக்கு ஒரு போன் வரும். கேட்கிறவர் பிள்ளை எப்படி என்பார். நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று சொல்ல வேண்டும். உண்மையில் ஏதும் பிழை இருந்தால், "எங்களுக்கு அவ்வளவாப் பழக்கமில்லை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கேட்ட பகுதி விளங்கிக்கொண்டு பேச்சை நிறுத்திவிடும். ஒருவரையும் குறை சொன்னதாக இராது. அம்மா அன்று அதைச் சொல்லவில்லை. தங்கமான பிள்ளை, பொறுமையான பிள்ளை, குடிவெறி ஒன்றும் இல்லை என்று அடுக்கினா.

"பழக்கமில்லை எண்டாவது சொல்லியிருக்கலாமே அம்மா" என்று ரூபிகா அன்று கேட்டாள்.

"மேல்வீட்டு ஆக்களைப் பழக்கமில்லை எண்டா ஆர் நம்புவினம்? கௌரியக்கா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. கலியாணம் எண்டு ஒண்டு நடந்தாச் சரியா வந்திடுவானாம்." அம்மா இடியப்ப உரலில் மாவை வைத்து அழுத்தினா. "எங்களுக்கேன் ஊர்வம்பு. ஒரு கலியாணத்தைக் குழப்பின பாவம் எனக்கு வேண்டாம்."

இப்போது வகுப்பில் நப்லா மிஸ் எல்லோரையும் சாம்பவியிடம் ஒவ்வொரு கேள்வி கேட்கச் சொன்னார். பீற்றர், சமைப்பாரா என்று கேட்டார். வேறு ஒருவர், கோபக்காரரா என்றார். சாம்பவி சிரித்துச் சிரித்துத் தெரியாது, தெரியாது என்றாள்.

"ரூபிகா?"

அவள் எழும்பினாள். பள்ளிக்கூடத்தில் போலவே நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிடலாம் என்று முழங்கால் மடங்கும்போது வாய் திறந்தது.

"கோமோ த்ராதா அ சு மாத்ரே?"

தாயை எப்படி நடத்துகிறார்?

"அட, நல்ல கேள்வி" என்றார் மிஸ். சாம்பவி சிரிக்கப் போனாள். ரூபிகாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது சாம்பவி அவளுடைய கையைப் பிடித்தாள். "ரூபிகா, உங்களுக்கு அவரைத் தெரியுமோ?"

"இல்லை."

"உண்மையா?"

"சும்மாதான் கேட்டனான்."

சாம்பவி கையை விட்டாள். "எங்கட வீட்டில ஒருத்தரும் உதைக் கேக்கேல்லை. என்ன வேலை, எங்க வீடு, எத்தினை பேர் எண்டெல்லாம் கேட்டவை. உதை மட்டும் கேக்கேல்லை." பஸ் வந்தது. மிதிபலகையில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். ரூபிகா புடவைக்கடைப் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மென்திரோசா. பொய்க்காரி. தன்மேல் ஒட்ட இன்னொரு சொல்.

சனிக்கிழமை மத்தியானம் கௌரி அன்ரி கீழே இறங்கி வந்தா. வெக்கையான நாள். ஆனாலும் கை நீண்ட சட்டை போட்டிருந்தா. குசினி வாசலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தா.

"யோகம், அந்தப் பிள்ளை இண்டைக்கு உங்களுக்கு போன் எடுப்பாளாம். தானே கதைக்கப் போறாளாம். புரோக்கர் சொன்னவர்."

"என்னத்துக்கு? தமையன்தானே முதல் கதைச்சவர்?" என்றா அம்மா.

"மாமனாம். பிள்ளைக்கு ஏதோ திருப்தியில்லையாம். இந்தக் காலத்துப் பிள்ளையள்." கௌரி அன்ரி சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டா. "நீங்கள் முந்திச் சொன்னதையே சொல்லுங்கோ. நாளைக்குத் தட்டு மாத்தினால் எனக்கு நிம்மதி."

மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் பார்க்காததுபோல இருந்தார்கள்.

போன் அடித்தபோது அம்மாவின் இரண்டு கையிலும் மா. "எடுத்து ஸ்பீக்கரில போடு பிள்ளை."

ரூபிகா போட்டாள். போனை அம்மாவுக்கும் கௌரி அன்ரிக்கும் நடுவில் மேசையில் வைத்தாள்.

"வணக்கம் அன்ரி. நான் சாம்பவி, கொட்டாஞ்சேனையிலிருந்து. குழப்பிறதுக்கு மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"அதுக்கென்ன பிள்ளை. கேளுங்கோ."

"மாமா சொன்னவர், நீங்கள் அவரைப் பற்றி நல்லாச் சொன்னனீங்களாம். எனக்கு ஒரு சம்பவம் சொல்லுவீங்களோ? அவர் செய்த ஏதாவது. நீங்கள் கண்ணால கண்டது."

இப்படி ஒரு கேள்வியை அம்மா எதிர்பார்க்கவில்லை. ஆனால் கையில் ஒன்று இருந்தது. எரிவாயு வரிசையையும் வெயிலையும் தோளில் வந்த சிலிண்டரையும் அம்மா குரல் தழுதழுக்கச் சொன்னா. அவ்வளவும் உண்மை. கௌரி அன்ரி மகனைப் புகழ்கிற இடமெல்லாம் தலையாட்டினா. கண் கலங்கியிருந்தது. அதுவும் உண்மைதான்.

"சந்தோசம் அன்ரி" என்றது போன். "அவர் அம்மாவோட எப்பிடி?"

அம்மாவின் கை இடியப்ப உரலில் நின்றது.

"தாயைத் தங்கமாப் பாக்கிறவர்."

"ஒரு சம்பவம், அன்ரி?"

குசினியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கௌரி அன்ரியைப் பார்த்தா. கௌரி அன்ரி தலையை மெல்ல, மிக மெல்ல, இல்லை என்று அசைத்தா. எதற்கு இல்லை என்று அவவுக்கே தெரிந்திருக்காது.

"எங்களுக்கு... அவ்வளவா..." என்று தொடங்கிய அம்மா, எதிரே இருந்த முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டா. "ஒரு தாயை மகன் எப்பிடிப் பாப்பான் பிள்ளை? எல்லாரையும் போலத்தான்."

"ஓம் அன்ரி" என்றாள் சாம்பவி. அந்த ஓமில் களைப்பு இருந்தது. இன்னும் ஒரு வசனத்தில் அவள் நன்றி சொல்லி வைத்துவிடுவாள். நாளைக்கு அவளுடைய வீட்டில் தட்டு மாறும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ ரூபிகாவின் தலைக்கு மேலே சாம்பவியின் அந்தச் சிரிப்பு வந்து குடியேறும். பிறகு ஒருநாள் அது நிற்கும். அன்றும் கொண்டி சத்தம் போடாமல் கதவைச் சாத்தலாம்.

ஆட்டோக்காரனிடம் ஒதுங்கிப் போன சுகிர்தனை ரூபிகா நினைத்தாள். கோபக்காரன் என்றால் அங்கேயும் கோபம் வந்திருக்க வேண்டும். திருப்பி அடிக்கக்கூடிய ஒருவர்மேலும் அந்தக் கை இதுவரை பட்டதில்லை. அவள் இவ்வளவு காலமும் தனக்கென்று வைத்திருந்த சொல்லுக்கு மேல்வீட்டில் சொந்தக்காரன் இருந்தான்.

"எஸ் கொபார்தே" என்றாள்.

அம்மா திரும்பினா.

"பொர்கே லே பேகா அ சு மாத்ரே" என்றாள் ரூபிகா. தாயை அடிக்கிறபடியால். சொற்கள் ஒழுங்காக வந்தன. "யோ லோ வி." நான் பார்த்தேன்.

"ரூபிகா?" என்றது போன். பிறகு தாழ்ந்த குரலில், "எஸ்தாஸ் செகூரா?" நிச்சயமா?

"சி."

"என்ன பாசை பிள்ளை உது?" என்றா கௌரி அன்ரி.

"அது வகுப்பில படிக்கிறது அக்கா" அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தா. "ரெண்டு பேரும் ஒரே வகுப்பாக்கும். சும்மா கதைச்சுப் பாக்கினம். பிள்ளை, நீ உள்ளுக்குப் போ."

உள்ளுக்குப் போ. இரண்டாம் தடவை அதே சொல். ரூபிகா அசையவில்லை.

"என்னைப் பாத்துக்கொண்டு சொன்னனீ" என்றா கௌரி அன்ரி. "என்ன சொன்னனீ?"

ஸ்பானிஷில் வந்தது தமிழில் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த மொழியில் ஒளிய இடமில்லை, கேட்கிற எல்லோருக்கும் விளங்கும். ரூபிகா மேசை விளிம்பைப் பிடித்தாள்.

"அவர் உங்களுக்கு அடிக்கிறவர் எண்டு சொன்னனான், அன்ரி. படியில நான் கண்டனான் எண்டு சொன்னனான்."

அம்மா, "ஐயோ" என்று வாயைப் பொத்தினா. கன்னமெல்லாம் மா.

"அன்ரி..." போனிலிருந்து சாம்பவியின் குரல் கேட்டது. "அவற்ற அம்மாவும் அங்க இருக்கிறாவோ?"

கௌரி அன்ரியின் ஸ்டூல் நிலத்தில் உரசியது. அதுவே அவளுக்குப் பதிலாகியிருக்க வேண்டும்.

"அம்மா, என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றாள் சாம்பவி. தெரியாத ஒருத்தியை அம்மா என்று கூப்பிட்டபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "நாளைக்கு வரவேண்டாம். வீட்டில நான் கதைக்கிறன்."

போன் நின்றது.

கௌரி அன்ரி எழும்பினா, திரும்ப இருந்தா. "எனக்கு ஒரே பிள்ளை" என்றா. "எவ்வளவு கும்பிட்டுக் கேட்டனான். என்ர பிள்ளையின்ர வாழ்க்கையிலை மண்ணைப் போட்டிட்டாய்." கையை ஓங்கினா. ஓங்கின கையில் சட்டை வழுகி முழங்கை வரை இறங்கியது. மணிக்கட்டுக்கு மேலே பழைய மஞ்சளும் புதிய நீலமுமாக இருந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். கை இறங்கிவிட்டது.

மேலே கதிரை இழுபட்டது. கதவு திறந்தது. படியில் செருப்புச் சத்தம், அவசரமில்லாமல்.

"அவன்தான் என்னை அனுப்பினவன்" என்றா கௌரி அன்ரி, இப்போது வெளியே கேட்காத குரலில். "என்ன கதைக்கினம் எண்டு கேட்டுக்கொண்டு வரட்டாம்."

மணி அடித்தது.

"அம்மா, கதைச்சு முடிஞ்சுதோ?" வெளியே இருந்து வந்த குரல் பதமாக இருந்தது. "அன்ரி, நான் சுகிர்தன்."

அம்மா பழக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தா. யார் வந்தாலும் திறக்கிற கை.

"யோகம்." கௌரி அன்ரி அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டா. "திறவாதை."

மணி திரும்ப அடித்தது. ரூபிகா அம்மாவைக் கடந்து போனாள். கதவுக்கு மறுபக்கத்தில் அவருடைய மூச்சுக் கேட்கிற அளவுக்குக் கிட்டே நின்றாள். எட்டி மேல் கொண்டியைப் பிடித்து, அவருக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்றே, ஓங்கி அடித்துப் பூட்டினாள்.